ட்ரிப் ஆன சுவிட்சைத் திட்டாதீங்க! ஷார்ட்டுக்குப் பிறகு நின்றுபோன ட்ரையர் சொல்லும் சேதி

நவம்பர் மாதத்துச் சென்னை. நான்கு நாளாக வெயில் இல்லை. பால்கனிக் கொடியில் போட்ட ஜீன்ஸ் ஈரத்தோடு ஒரு புழுங்கல் வாடையும் சேர்த்துக்கொண்டு தொங்குகிறது. 'இதுக்குத்தானே வாங்கினோம்' என்று ட்ரையரை ஆன் செய்கிறார்கள். பத்து நிமிடம் நன்றாக ஓடுகிறது. பிறகு 'பட்'டென்று ஒரு சத்தம். வீடு முழுக்க இருட்டு. லேசாக ஏதோ கருகிய வாடை.

அடுத்து நடப்பது பெரும்பாலான வீடுகளில் ஒன்றுதான். செல்போன் டார்ச்சை அடித்துக்கொண்டு ஒருவர் மெயின் பாக்ஸைத் திறக்கிறார். கீழே விழுந்து கிடக்கும் சுவிட்சை மேலே தள்ளுகிறார். விழுகிறது. மறுபடியும் தள்ளுகிறார். மறுபடியும் விழுகிறது. மூன்றாவது முறை நிற்கிறது. ஃபேன் சுற்றுகிறது, வைஃபை வந்துவிட்டது. "அப்பாடா, கரன்ட் வந்துடுச்சு." ஆனால் ட்ரையர் மட்டும் அசையவில்லை.

உடனே குடும்ப வாட்ஸ்அப் குழுவில் கேள்வி போகிறது. பதில்கள் வரிசையாக வந்து விழுகின்றன. "போர்டு போயிருக்கும்." "உள்ளே ஒரு ஃபியூஸ் இருக்கும், அதை டைரக்ட் பண்ணிட்டா ஓடும்." "அந்த ஆர்.சி.சி.பி.யே ஒரு தொல்லை. எங்க வீட்ல அதைக் கழட்டியே விட்டாச்சு."

இந்த மூன்று பதில்களும் 'மறுபடி ஓட வைப்பது எப்படி?' என்ற ஒரே கேள்விக்கானவை. ஷார்ட் ஆன மெஷின் முன்னால் அதற்கு முன்பே கேட்க வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது: 'கரன்ட் எந்த வழியாகப் போனது?' அதற்குப் பதில் தெரியாமல் ஓட வைக்கப்பட்ட மெஷினை ரிப்பேர் ஆன மெஷின் என்று சொல்ல முடியாது. அடுத்த விபத்துக்கு நாள் குறித்த மெஷின் என்று வேண்டுமானால் சொல்லலாம்.

விழுந்தது எந்த சுவிட்ச்?

மெயின் பாக்ஸில் வரிசையாக இருக்கும் சுவிட்சுகள் பார்க்க ஒரே மாதிரி இருந்தாலும் வேலை வேறு வேறு. எம்.சி.பி. என்பது வயரைக் காப்பாற்றுகிற ஆள். அளவுக்கு மேல் லோடு போனால் உள்ளே இருக்கும் உலோகப் பட்டை சூடாகி வளைந்து மெதுவாக விழும். ஃபேஸும் நியூட்ரலும் நேரடியாக ஒட்டிக்கொண்டு ஷார்ட் ஆனால், காந்த விசையால் கண்ணிமைக்கும் நேரத்தில் விழும்.

ஆர்.சி.சி.பி. என்பது மனிதரைக் காப்பாற்றுகிற ஆள். சற்று அகலமாக இருக்கும். 'டி' என்ற ஆங்கில எழுத்து பொறித்த சின்னப் பொத்தான் அதில் இருக்கும். ஃபேஸில் போன கரன்ட் முழுவதும் நியூட்ரலில் திரும்பி வருகிறதா என்று அது கணக்குப் பார்த்துக்கொண்டே இருக்கும். நடுவில் கொஞ்சம் காணாமல் போனால், அது மெஷினின் உடல் வழியாகவோ மனித உடல் வழியாகவோ பூமிக்குப் போகிறது என்று அர்த்தம். வீடுகளில் வைப்பது பெரும்பாலும் 30 மில்லி ஆம்பியர் கசிவுக்கே விழுகிற ரகம்.

ட்ரையருக்கான சர்க்யூட்டில் 16 ஆம்பியர் எம்.சி.பி. இருப்பதாக வைத்துக்கொள்வோம். 16 ஆம்பியர் என்றால் 16,000 மில்லி ஆம்பியர். ஒருவரைக் கொல்லச் சில பத்து மில்லி ஆம்பியரே போதும். அதாவது, ஒருவருக்கு ஷாக் அடித்துக்கொண்டிருக்கும்போது எம்.சி.பி.க்கு அது தெரியவே தெரியாது. "எங்க வீட்ல எம்.சி.பி. இருக்கு, பயமில்லை" என்பது இதனால்தான் பாதி உண்மை. ஆர்.சி.சி.பி.யைக் கழற்றி விட்டவர்கள் கழற்றியது மீதிப் பாதியை.

ஆகவே விழுந்தது எது என்று பாருங்கள். எம்.சி.பி. மட்டும் விழுந்தால் ஷார்ட் அல்லது ஓவர்லோடு. ஆர்.சி.சி.பி. விழுந்தால் கசிவு. இரண்டும் விழுந்தால் ஃபேஸ் வயர் மெஷினின் உலோக உடலைத் தொட்டிருக்க வாய்ப்பு அதிகம். சுவிட்சைத் தொடும் முன் ஒரு போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் வரப்போகும் மெக்கானிக்குக் கிடைக்கிற முதல் தடயம் அதுதான்.

ஒரே ஒரு தடவைதான்

கருகிய வாடை இன்னும் வந்தாலோ, தரையில் தண்ணீர் நின்றாலோ, மெஷினைத் தொட்டபோது சுருக்கென்று இருந்தாலோ, மெயினை ஆஃப் செய்துவிட்டு எலெக்ட்ரீஷியனை அழைப்பதோடு உங்கள் வேலை முடிந்தது. அப்படி எதுவும் இல்லையென்றால் மட்டும் அடுத்த படி.

ட்ரையரின் பிளக்கை சாக்கெட்டிலிருந்து உருவி விடுங்கள். சுவிட்சை ஆஃப் செய்தால் போதாது. சாதாரண சுவிட்ச் ஃபேஸ் வயரை மட்டும்தான் துண்டிக்கும். நியூட்ரல் ஒட்டிக்கொண்டேதான் இருக்கும். மெஷினுக்குள் நியூட்ரல் உடலைத் தொட்டிருந்தால், சுவிட்ச் ஆஃபில் இருந்தாலும் ஆர்.சி.சி.பி. விழும். 'ஆஃப்ல தானே இருக்கு, அப்புறம் ஏன் விழுது?' என்று பலர் குழம்புவது இங்கேதான்.

பிளக்கை உருவிய பிறகு, விழுந்த சுவிட்சை ஒரே ஒரு முறை மேலே தள்ளுங்கள். நின்றால் பழுது மெஷினில் இருக்க வாய்ப்பு அதிகம். அப்போதும் விழுந்தால் பழுது வயரிங்கில், சாக்கெட்டில், அல்லது வேறொரு கருவியில். ஒரு முறைக்கு மேல் தள்ளாதீர்கள். ஒவ்வொரு முறை தள்ளும்போதும் அதே ஷார்ட் வழியாக மறுபடி பெரும் கரன்ட் பாய்கிறது. முதல் முறை ஒரு வயர் மட்டும் கருகியிருக்கும். மூன்றாவது முறைக்குள் போர்டும் சேர்ந்து போயிருக்கும். மூன்றாவது முறை சுவிட்ச் 'நின்றது' என்றால் பழுது சரியாகிவிட்டதாக அர்த்தமில்லை. ஷார்ட் ஆன முனை எரிந்து விலகியிருக்கலாம், அவ்வளவுதான்.

டெஸ்டர் எரியுது, மெஷின் ஓடலை

அடுத்து சாக்கெட். டெஸ்டரை வைத்துப் பார்த்து "கரன்ட் வருது, அப்போ மெஷின்தான் அவுட்" என்று முடிவு கட்டுபவர்கள் அதிகம். டெஸ்டர் சொல்வது ஃபேஸ் வந்திருக்கிறது என்பதை மட்டும்தான். நியூட்ரல் வயர் கருகி அறுந்திருந்தாலும் டெஸ்டர் அழகாக எரியும், மெஷின் ஓடாது. அதே சாக்கெட்டில் அயர்ன் பாக்ஸ் போன்ற லோடு இழுக்கிற ஒன்றைப் போட்டுப் பார்ப்பது நம்பகமான சோதனை. செல்போன் சார்ஜர் போதாது. கருகி லேசாக ஒட்டிக்கொண்டிருக்கும் வயர் வழியாகக்கூட சார்ஜருக்கான கரன்ட் வந்துவிடும். ஆனால் சாக்கெட்டில் கருப்பு தட்டியிருந்தாலோ பிளாஸ்டிக் இளகியிருந்தாலோ எதையும் செருகிப் பார்க்க வேண்டாம்.

இங்கே ஒரு சின்னக் கணக்கு. ஹீட்டர் வைத்த ட்ரையர் 2,000 வாட்ஸ் எடுக்கிறது என்று வைத்துக்கொண்டால், 230 வோல்ட்டில் அது கிட்டத்தட்ட 8.7 ஆம்பியர். கடையில் கிடைக்கும் சாதாரண எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் பலவும் 6 ஆம்பியருக்கானவை. பால்கனியில் 16 ஆம்பியர் சாக்கெட் இல்லை என்பதற்காக அதில் ட்ரையரைச் செருகினால், ஒரு மணி நேரம் ஓடும்போது பிளக் முள்ளும் சாக்கெட்டும் சூடாகி, பிளாஸ்டிக் இளகி, கடைசியில் இரண்டு முனையும் ஒட்டிக்கொள்ளும். பல 'ட்ரையர் ஷார்ட்'டுகள் ட்ரையருக்குள் நடப்பதே இல்லை, பிளக்கில் நடக்கின்றன. உருவிய பிளக்கைத் திருப்பிப் பாருங்கள். முள் கருத்திருக்கிறதா, பிளாஸ்டிக் பழுப்பாகியிருக்கிறதா? இருந்தால் பாதிக் கேஸ் அங்கேயே முடிந்தது. பிளக், சாக்கெட் இரண்டையும் மாற்ற வேண்டும். ஒன்றை மட்டும் மாற்றினால் பழையது புதியதையும் கெடுத்துவிடும்.

மெஷினுக்குள்ளே என்ன நடந்திருக்கும்?

இதைத் தெரிந்துகொள்வது நீங்களே ஸ்குரூ டிரைவரைக் கையில் எடுப்பதற்காக இல்லை. வருகிற மெக்கானிக் என்ன பார்க்கிறார், எதைப் பார்க்காமல் விடுகிறார் என்று புரிந்துகொள்வதற்காக. இன்வெர்ட்டர் வகை மெஷின்களில் பிளக்கை உருவிய பிறகும் போர்டில் உள்ள கெப்பாசிட்டரில் 300 வோல்ட்டுக்கு மேல் கொஞ்ச நேரம் தேங்கி நிற்கும். ஹீட் பம்ப் வகை ட்ரையர் பலவற்றில் புரோப்பேன் போன்ற தீப்பற்றும் வாயு குளிரூட்டியாக இருக்கிறது. வாரன்டி காலத்தில் பின்பக்க மூடியைத் திறந்தால் வாரன்டி போகவும் வாய்ப்பு உண்டு. மூடியைத் திறப்பது தெரிந்தவர் வேலை.

இன்னொரு குழப்பத்தையும் தீர்த்துக்கொள்ளலாம. நம் ஊரில் 'ட்ரையர் ஓடலை' என்று சொல்பவர்களில் பலர் குறிப்பிடுவது செமி ஆட்டோமேட்டிக் வாஷிங் மெஷினில் துணியைச் சுற்றிப் பிழியும் சின்னத் தொட்டியை. அதில் ஹீட்டர் கிடையாது. மோட்டார், கெப்பாசிட்டர், மூடி சுவிட்ச், டைமர், வயர்கள். அவ்வளவுதான். அடிப்பக்கம் திறந்திருக்கும் மெஷினில் எலி நுழைந்து வயரைக் கடித்து ஷார்ட் ஆவது சகஜம். சூடான காற்றால் உலர்த்தும் ட்ரையரிலும் எலி வரும். போதாததற்கு போர்டின் மேல் பல்லி ஓடி இரண்டு முனைகளை இணைத்துவிடுவதும் உண்டு.

எப்போது விழுந்தது என்பது பெரிய துப்பு. பிளக்கைச் செருகியவுடனே விழுந்தால், பவர் கார்டு அல்லது கரன்ட் உள்ளே நுழையும் இடத்தில் இருக்கும் ஃபில்டர் மீது சந்தேகம். ஸ்டார்ட் அழுத்தி டிரம் சுற்றத் தொடங்கும்போது விழுந்தால் மோட்டார், அதன் கெப்பாசிட்டர், டிரம் அதிர்வில் உராய்ந்து தோல் உரிந்த வயர். டிரம் சுற்றி, சூடு ஏறத் தொடங்கும்போது விழுந்தால் ஹீட்டர். சுருள் கம்பி அறுந்து தொங்கி உலோகப் பெட்டியைத் தொட்டாலே போதும். மழை நாளில் மட்டும் விழுகிறது, வெயில் நாளில் விழவில்லை என்றால் ஈரம்.

ஹீட்டரைச் சோதிக்க மல்டிமீட்டர் போதும். 230 வோல்ட்டில் 2,000 வாட்ஸ் ஹீட்டர் என்றால் அதன் இரு முனைகளுக்கு நடுவே சுமார் 26 ஓம்ஸ் காட்ட வேண்டும். எதுவுமே காட்டாவிட்டால் கம்பி அறுந்திருக்கிறது. ஹீட்டர் முனைக்கும் மெஷினின் உலோக உடலுக்கும் நடுவே எந்த இணைப்பும் காட்டக்கூடாது. மல்டிமீட்டரில் தெரியாத சின்னக் கசிவு, 500 வோல்ட் கொடுத்துப் பார்க்கும் மெக்கரில் தெரிந்துவிடும்.

போர்டுக்கு வருவோம். பல போர்டுகளில் கரன்ட் நுழையும் இடத்திலேயே ஒரு சின்ன ஃபியூஸும், நீல நிறப் பொத்தான் போன்ற வேரிஸ்டர் என்ற பாகமும் இருக்கும். வோல்டேஜ் திடீரென்று எகிறினால் வேரிஸ்டர் அந்த அடியைத் தான் வாங்கிக்கொண்டு, ஃபியூஸை எரியவிட்டு, மீதி போர்டைக் காப்பாற்றும். அது வெடித்துக் கருகியிருந்தால் பார்த்தாலே தெரியும். பழுது அங்கேயே நின்றுவிட்டது என்றால் அந்த இரண்டு சின்னப் பாகங்களை மாற்றினாலே போர்டு உயிர் பெறும். எப்போதும் அப்படி நடக்காது. ஆனால் பார்க்காமலே 'போர்டு போச்சு' என்று சொல்வது வேறு விஷயம்.

'டைரக்ட்' என்கிற ஆபத்து

ட்ரையருக்குள் தெர்மல் ஃபியூஸ் என்று ஒன்று இருக்கிறது. குறிப்பிட்ட வெப்பத்தைத் தாண்டினால் ஒரே ஒரு முறை அறுந்து இணைப்பைத் துண்டிக்கும். திரும்ப ஒட்டாது. நல்ல தெர்மல் ஃபியூஸ் மல்டிமீட்டரில் கிட்டத்தட்ட பூஜ்ஜியம் ஓம்ஸ் காட்டும். அறுந்தது எதுவும் காட்டாது. விலை குறைந்த பாகம். மெக்கானிக் கையில் ஸ்பேர் இல்லாதபோது, அல்லது வாடிக்கையாளர் அவசரப்படுத்தும்போது, ஒரு துண்டு வயரைப் போட்டு 'டைரக்ட்' பண்ணிவிடுவார். மெஷின் ஓடும். காசு மிச்சம். எல்லோருக்கும் சந்தோஷம்.

ஆனால் அந்த ஃபியூஸ் ஏன் அறுந்தது என்று யாரும் கேட்கவில்லை. பெரும்பாலும் பதில் பஞ்சுத்தூசு. துணியிலிருந்து உதிரும் தூசு வடிகட்டியை அடைத்து, சூடான காற்று வெளியே போக வழியில்லாமல், உள்ளே வெப்பம் ஏறிக்கொண்டே போகிறது. பஞ்சுத்தூசு எவ்வளவு சுலபமாகத் தீப்பிடிக்கும் என்று சொல்லத் தேவையில்லை.

ட்ரையர் வீட்டுக்கு வீடு இருக்கும் நாடுகள் இதற்கு விலை கொடுத்திருக்கின்றன. அமெரிக்கத் தீயணைப்பு நிர்வாகம் 2008 முதல் 2010 வரையிலான தரவை வைத்து, அந்நாட்டு வீடுகளில் ஆண்டுக்குச் சராசரியாக 2,900 தீ விபத்துகள் ட்ரையரால் ஏற்படுவதாகச் சொன்னது. அதில் 34 சதவீதத்துக்குக் காரணம், சுத்தம் செய்யாமல் விட்டது. பிரிட்டனில் 2015-ல் வேர்ல்பூல் நிறுவனம், தன் பிராண்டுகளின் குறிப்பிட்ட ட்ரையர்களில் பஞ்சுத்தூசு ஹீட்டரைத் தொட்டுத் தீப்பிடிக்கக்கூடும் என்று எச்சரிக்கை வெளியிட்டது. 'சரிசெய்யும் வரை, ஆள் இருக்கும்போது மட்டும் ஓட்டலாம்' என்பது அப்போது தரப்பட்ட அறிவுரை. 2016 ஆகஸ்ட்டில் மேற்கு லண்டனின் ஷெப்பர்ட்ஸ் புஷ் பகுதியில் 18 மாடிக் குடியிருப்பு ஒன்று தீப்பிடித்தது. பழுதான ட்ரையரே காரணம் என்று லண்டன் தீயணைப்புத் துறை கண்டறிந்தது. உயிரிழப்பு இல்லை, ஆனால் குடும்பங்கள் வீடிழந்து வெளியேறின. 'பிளக்கை உருவி வையுங்கள்' என்று அறிவுரை மாறியது அதற்குப் பிறகு, 2017-ல்தான். மெஷின்களைத் திரும்பப் பெறும் முழு அறிவிப்பு 2019-ல் வந்தது.

'பழுது இருக்கு, ஆனா பார்த்துக்கிட்டே ஓட்டினா ஒண்ணும் ஆகாது' என்ற சிந்தனை பெரிய நிறுவனங்களுக்கும் வரும், நம் தெரு மெக்கானிக்குக்கும் வரும், நமக்கும் வரும். அதைத் தடுக்கத்தான் உள்ளே அந்தச் சின்ன ஃபியூஸை வைத்திருக்கிறார்கள்.

"போர்டு போச்சு சார்"

இன்னொரு பக்கம், கம்பெனி சர்வீஸ். ஆள் வருகிறார். மூடியைத் திறக்கிறார். ஐந்து நிமிடத்தில் தீர்ப்பு: "போர்டு போச்சு சார். மாத்தணும்." ஆயிரக்கணக்கில் ஒரு தொகை. "இல்லைன்னா எக்ஸ்சேஞ்ச் ஆஃபர் இருக்கு." எதை அளந்து பார்த்தார், என்ன காட்டியது, ஹீட்டரைச் சோதித்தாரா என்று கேட்டால் பல நேரம் பதில் வராது. இதில் பண நஷ்டம் மட்டுமில்லை. ஹீட்டரில் கசிவு இருக்கும்போது போர்டை மட்டும் மாற்றினால், புதுப் போர்டும் சில நாளில் போகும். அல்லது அந்தக் கசிவு யாரையாவது தொடும்.

அந்த இளைஞரை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. ஒரு நாளில் இத்தனை வீடு முடிக்க வேண்டும் என்ற நெருக்கடியில் வேலை செய்கிறவர் அவர். பாகத்தைப் பழுதுபார்ப்பதைவிட முழுப் போர்டை மாற்றுவது வேகம் என்று நிறுவனமே வடிவமைத்த முறை இது. இந்த முறையைக் கேள்வி கேட்கும் இடம் வாடிக்கையாளரிடம் இருக்கிறது. கேட்க வேண்டியவை நான்கே கேள்விகள்தான். எந்த பாகத்தை அளந்து பார்த்தீர்கள், ரீடிங் என்ன? இது ஏன் போனது? மெஷினின் உடலுக்குக் கசிவு இருக்கிறதா என்று பார்த்தீர்களா? மாற்றிய பழைய பாகத்தைக் கையில் தருவீர்களா? பதில்கள் ஜாப் ஷீட்டில் எழுத்தில் இருக்கட்டும்.

மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 2022 ஜூலையில் 'பழுதுபார்க்கும் உரிமை' குறித்து ஒரு குழுவை அமைத்தது. அதே ஆண்டு டிசம்பர் 24 அன்று அதற்கான இணையதளமும் தொடங்கப்பட்டது. வீட்டு உபயோகப் பொருட்களும் அந்தப் பட்டியலில் உண்டு. நல்ல தொடக்கம். ஆனால் இணையதளம் இருப்பது வேறு, ஸ்பேர் பார்ட்ஸும் சர்க்யூட் விவரமும் வெளி மெக்கானிக்குக்குக் கிடைப்பது வேறு. ஒரு நேர்மையான வெளி மெக்கானிக் கையில் அசல் தெர்மல் ஃபியூஸ் நியாயமான விலையில் கிடைத்தால், 'டைரக்ட்' பண்ண வேண்டிய தேவையே பாதி குறையும். பழுதுபார்க்கும் உரிமை என்பது பாதுகாப்புப் பிரச்சினையும்தான். காசு வாங்கிக்கொண்டு சரியாகச் செய்யாத சர்வீஸ் மீது 2019-ம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி புகார் செய்யலாம். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.

ட்ரையர் மட்டும்தானா?

ஒரு விஷயத்தைக் கவனிக்க மறக்கக்கூடாது. அதே நேரத்தில் டி.வி., ஃபிரிட்ஜ், ரவுட்டர் அடாப்டர் எல்லாம் சேர்ந்து போயிருந்தால் குற்றவாளி ட்ரையர் இல்லை. த்ரீ ஃபேஸ் இணைப்பில் நியூட்ரல் அறுந்தால், 230 வோல்ட் வர வேண்டிய இடத்தில் 400 வோல்ட்டை நெருங்கும் அளவுக்கு எகிறக்கூடும். சில விளக்குகள் மங்கி, சில விளக்குகள் கண் கூசும்படி எரிந்தால் இதுதான் அடையாளம். மெயினை ஆஃப் செய்துவிட்டு, பக்கத்து வீட்டிலும் இதே நிலையா என்று கேளுங்கள். மின்வாரியத்தின் மின்னகம் எண்ணான 94987 94987-ல் புகாரைப் பதிவு செய்து, புகார் எண்ணைக் குறித்து வையுங்கள்.

யார் கை அங்கே இருக்கிறது?

இந்த விவாதத்தில் பெரும்பாலும் விடுபடுகிற கேள்வி இதுதான். ஆர்.சி.சி.பி.யைக் கழற்றச் சொல்கிறவர் ஒருவர். மெஷினைத் தினமும் தொடுகிறவர் இன்னொருவர். ஈரக் கையோடு, வெறுங்காலோடு, நனைந்த பால்கனித் தரையில் நின்று துணியை எடுப்பவர் அம்மாவாக இருக்கலாம், வீட்டு வேலைக்கு வரும் அக்காவாக இருக்கலாம். "அந்த மெஷினைத் தொட்டா லேசா சுருக்குங்குது தம்பி" என்று அவர் சொல்லும்போது, "அப்படியெல்லாம் இருக்காதுக்கா, செருப்பு போட்டுக்கோங்க" என்று பதில் சொல்கிற வீடுகள் இருக்கின்றன. அந்தச் 'சுருக்' என்பது இல்லாத எர்த்துக்குப் பதிலாக அவர் உடம்பு வேலை செய்கிறது என்பதற்கான அறிவிப்பு. தொந்தரவு வேண்டாம் என்று ஒருவர் எடுத்த முடிவின் விலையை இன்னொருவர் உடம்பு கொடுக்கிறது.

பழைய அடுக்குமாடி வீடுகளில் மூன்று முள் சாக்கெட் இருக்கும். மேலே உள்ள பெரிய துளைக்குப் பின்னால் எர்த் வயரே இருக்காது. வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது. எலெக்ட்ரீஷியனை வைத்து அளந்து பார்ப்பது ஒன்றே வழி. 'வாடகை வீடு, ஓனர் செய்ய மாட்டார்' என்பது வழக்கமான பதில். தமிழ்நாட்டில் 2017-ல் இயற்றப்பட்ட வாடகைச் சட்டம், வீட்டின் வயரிங் பராமரிப்பை உரிமையாளரின் பொறுப்புகளில்தான் வைத்திருக்கிறது. சுவிட்ச், சாக்கெட் ரிப்பேர் வாடகைதாரர் பக்கம். ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதியிருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துவிட்டு உரிமையாளரிடம் பேசலாம். அவர் இழுத்தடித்தாலும், ஒரு ஆர்.சி.சி.பி. பொருத்த ஆகும் செலவு ட்ரையர் விலையில் சின்னப் பங்குதான்.

ரிப்பேர் முடிந்துவிட்டது என்று எப்போது சொல்லலாம்? மெஷின் ஓடத் தொடங்கியபோது இல்லை. எந்த இடத்தில் ஷார்ட் ஆனது என்று காட்டப்பட்டு, அதற்குக் காரணம் நீக்கப்பட்டு, உடலுக்குக் கசிவு இல்லை என்று அளந்து, ஆர்.சி.சி.பி. ஆனில் இருக்கும்போதே ஒரு முழு சைக்கிள் சூட்டோடு ஓடி முடித்த பிறகு. 'அதைக் கழற்றி விட்டால்தான் ஓடுகிறது' என்றால், அது இன்னும் பழுதான மெஷின்.

இந்த ஞாயிற்றுக்கிழமை ஒரு நிமிடம் ஒதுக்கி மெயின் பாக்ஸைத் திறந்து பாருங்கள். கம்ப்யூட்டரில் வேலை ஓடிக்கொண்டிருந்தால் சேவ் செய்துவிட்டு, அந்த 'டி' பொத்தானை ஒருமுறை அழுத்துங்கள். சுவிட்ச் 'டக்'கென்று விழுந்தால் சந்தோஷப்படுங்கள். விழவில்லை என்றால், அல்லது அப்படி ஒரு பொத்தானே உங்கள் வீட்டில் இல்லை என்றால், ட்ரையரைப் பற்றிய கவலையைத் தள்ளி வைத்துவிட்டு முதலில் எலெக்ட்ரீஷியனுக்கு போன் போடுங்கள். துணி இன்னொரு நாள் காயட்டும்.